பட்டயமும் உறையும்



சென்ற மாதம் இப்பகுதியில் பிள்ளைகளின் பள்ளி மாற்றத்தைக் குறித்து எழுதியிருந்தேன். இம்மாதம் எழுதப்போவது உங்களில் சிலருக்கு வியப்பாகவும், மூத்தவர்கள் சிலருக்கு வருத்தமாகவும்கூட இருக்கலாம். ஒரு கணினி விளையாட்டைப் பற்றியும், அதைக் குடும்பமாக அமர்ந்து ஆடிய நாட்களைப் பற்றியும் எழுதப்போகிறேன். கடைசிவரை வாசித்தபின் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

தாராவியிலிருந்து சயானுக்கு

1994-ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில் நாங்கள் ஆறு பேர் குடியிருந்தோம். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தகப்பனார், தோல் பட்டறையில் பெல்ட் தைக்கும் வேலை செய்தார். தம் கையில் ஏறிய தோல் வாடை மகனின் கையில் ஏறக்கூடாது என்பது அவருடைய ஒரே விருப்பம். யாரோ சொல்லக் கேட்டு, சயானில் இருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் ஒன்றில் என்னைச் சேர்த்தார். மாதக் கட்டணம் 150 ரூபாய். அது அவருடைய பல நாள் கூலி.

அந்த நிலையத்தில் வண்ணத் திரையுள்ள கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்தபின் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் அதில் விளையாடலாம். அங்கேதான் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை முதன்முதலாகக் கண்டேன்.

அதை அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரசீக நாட்டின் சுல்தான் போர்முனைக்குச் சென்றிருக்கிறார். மந்திரவித்தை அறிந்த முதலமைச்சன் ஜாஃபர் அரசைக் கைப்பற்றத் துணிகிறான். இளவரசியைச் சிறைவைத்து, தன்னை மணந்துகொள்ள வேண்டும் அல்லது சாகவேண்டும் என்று சொல்லி, முடிவெடுக்க ஒரு மணி நேரம் கொடுக்கிறான். ஒரு மணற்கடிகாரம் கவிழ்க்கப்படுகிறது. அவள் நேசிக்கும் இளைஞன் அரண்மனையின் பாதாளச் சிறையில், கையில் வாள்கூட இல்லாமல் கிடக்கிறான். அவன் அந்த 60 நிமிடங்களுக்குள் பன்னிரண்டு நிலைகளைக் கடந்து கோபுரத்துக்கு ஏறி வரவேண்டும்.

வெள்ளை உடுத்திய அந்த இளைஞன் ஓடிய விதம் என்னைக் கட்டிப்போட்டது. மற்ற விளையாட்டுகளில் உருவங்கள் பொம்மைபோல் நகரும். இவனோ உண்மையான மனிதனைப்போல் ஓடினான்; பள்ளத்தைத் தாண்டி விளிம்பைப் பற்றித் தொங்கினான்; மூச்சுப் பிடித்து மேலேறினான். தரையிலிருந்து முட்கள் எழும்பின. சுவரிலிருந்து வெட்டுக்கத்திகள் பாய்ந்தன. காலடியில் கற்பலகைகள் பெயர்ந்து விழுந்தன. ஒரு பிழை செய்தால் அந்த நிலையின் தொடக்கத்துக்கே திரும்பவேண்டும். கடிகாரம் மட்டும் திரும்பாது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாங்கள் ஆடிய பிளாப்பி தட்டு முறையாக வாங்கியதன்று, பிரதியின் பிரதி. விளையாட்டைச் செய்தவர்கள் அதற்கும் ஒரு காவல் வைத்திருந்தார்கள். தொடக்கத்திலேயே பல குப்பிகள் உள்ள ஓர் அறை வரும். அச்சிட்ட கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்த எழுத்துள்ள குப்பியையே குடிக்கவேண்டும். வேறொன்றைக் குடித்தால் உயிர் குறையும். கையேடு இல்லாத எங்களிடம் யாரோ எழுதிவைத்த எழுத்துப் பட்டியல் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அது களவு என்று எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போன எனக்கும் தோன்றவில்லை.

என்னால் எட்டாம் நிலைவரைதான் போகமுடிந்தது. அங்கே வாயிற்கதவு ஒன்று எனக்கு முன்பாக மூடிக்கொள்ளும். அதைத் திறக்கும் விசை கதவுக்கு அப்பால் இருக்கும். வழியே இல்லை என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.

இப்படித் தொடங்கித் தொடங்கியே மூன்றாம் மாதக் கட்டணத்தில் 100 ரூபாய் கரைந்துபோனது. கட்டணம் வரவில்லையே என்று நிலையத்தார் சொல்லியனுப்ப, அப்பா நேரில் சென்று விசாரித்து அறிந்துகொண்டார். அன்றிரவு அவர் தைத்த பெல்ட்டே என் முதுகில் விழுந்தது. என் பைக்குள் இருந்த பிளாப்பி தட்டை எடுத்து, என் கண்முன்னே இரண்டாக மடித்து உடைத்தார். அதன்பின் அந்த இரவைக் குறித்து அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2009-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை நாங்கள் அதைப் பேசவேயில்லை.

செம்பூரில் உடைந்த கைபேசி

முப்பது ஆண்டுகள் கடந்தன. இப்போது நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். மனைவி செவிலியர். மகனுக்குப் பதினைந்து வயது, மகளுக்குப் பத்து. அம்மா எங்களோடு இருக்கிறார்கள்.

2024 ஜூன் மாதத்தில் ஒரு நாள், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு எழுந்தபோது, போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. மகன் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ அறியேன். கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அது இரண்டு துண்டாகி விழுந்தது. மகன் அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதன்பின் மூன்று வாரங்கள் அவன் என்னோடு பேசவில்லை. கேட்ட கேள்விக்கு “ம்” என்ற பதில் மட்டும். குடும்ப ஜெபத்தில் அமர்வான், கண்ணை மூடுவான், எழுந்து போய்விடுவான். ஒரே கூரையின்கீழ், ஒரே படுக்கையறை உள்ள வீட்டில், பேசாத மகனோடு வாழ்வது என்னவென்று அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஒரு நாள் காலையில் அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்தார்கள். “எய்யா, நீ செய்யாததையா அவன் செஞ்சுட்டான்?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. “அன்னைக்கு ராத்திரி ஒன்ன அடிச்சுட்டு ஒங்க அப்பா சாப்பிடல. விடியிறவரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தாவ. ஒனக்குத் தெரியாது” என்றார்கள்.

முப்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியாதுதான்.

மழை பெய்த திங்கட்கிழமை

2024 ஜூலை 8-ஆம் தேதியை மும்பைவாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். நள்ளிரவு ஒரு மணியிலிருந்து காலை ஏழு மணிக்குள் நகரின் பல பகுதிகளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தண்டவாளங்களில் தண்ணீர் நின்று ரயில்கள் தடைப்பட்டன. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. நாங்கள் ஐவரும் வீட்டுக்குள் அடைபட்டோம்.

என்னவென்று சொல்லத் தெரியாத ஓர் உந்துதலில், அலுவலக மடிக்கணினியைத் திறந்தேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகம், பழைய டாஸ் காலத்து விளையாட்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2015-இல் எவரும் திரையிலேயே ஆடிப்பார்க்கும்படி வைத்தது. அவற்றில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் உண்டு. அதை இயக்கி, பழைய நினைவில் ஓடவிட்டேன். முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்தேன். மகள் கைகொட்டிச் சிரித்தாள். மகன் தன் புத்தகத்திலிருந்து தலைதூக்காமலே இருந்தான். நான்காம் முறையும் நான் முள்ளில் விழுந்தபோது, அவனால் பொறுக்கமுடியவில்லை.

“ஓடக்கூடாதுப்பா. மெதுவா நடந்து போங்க” என்றான்.

மூன்று வாரங்களுக்குப் பின் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மடிக்கணினியை அவன்பக்கம் தள்ளினேன்.

அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மட்டும். விடையை இணையத்தில் தேடக்கூடாது. விசைப்பலகை மகனிடம். வழியைத் தாளில் வரைவது மகளின் வேலை. நாங்கள் ஆடிய முறையில் பாதியில் நிறுத்திச் சேமித்துவைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறையிலிருந்தே தொடங்கவேண்டும். ஆட்டமே 60 நிமிடத்தில் முடிந்துவிடுவதால், “இன்னும் பத்து நிமிஷம்” என்ற கெஞ்சலுக்கு இடமே இருக்கவில்லை. இன்றைய கைபேசி விளையாட்டுகளில் பல முடிவே இல்லாதபடி அமைக்கப்பட்டவை. இந்தப் பழைய விளையாட்டு முடியவேண்டிய நேரத்தைத் தானே அறிந்திருந்தது.

அம்மாவுக்குத் தொடக்கத்தில் மனச்சஞ்சலம் இருந்தது. “இதுல மந்திரவாதி வாரானே?” என்று கேட்டார்கள். “வாரான் ஆச்சி, ஆனா தோத்துப்போவான்” என்றாள் மகள். அம்மா சற்று யோசித்துவிட்டு, முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்து அமர்ந்தார்கள். அடுத்த சனிக்கிழமை கீரை இல்லாமலே வந்தார்கள்.

எலி வந்த கதை

மூன்றாம் நிலையில் ஓர் எலும்புக்கூடு எழுந்து வாள்வீசும். எத்தனை முறை குத்தினாலும் சாகாது. பின்னுக்குத் தள்ளித் தள்ளி விளிம்பிலிருந்து கீழே விழச்செய்யவேண்டும். இதை மகன் இரண்டாம் முயற்சியிலேயே கண்டுபிடித்தான். ஒரு குப்பியைக் குடித்தால் திரை முழுவதும் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். அப்போது மகள் மடிக்கணினியையே தலைகீழாகத் தூக்கிப் பிடிக்க, வீடே சிரித்தது.

நான்காம் சனிக்கிழமை எட்டாம் நிலைக்கு வந்தோம். அதே கதவு மூடிக்கொண்டது. என் பழைய வயிற்றெரிச்சல் திரும்பியது. “இதுக்கு மேல வழி கிடையாது. கலைச்சிட்டு முதல்ல இருந்து போ” என்றேன். மகன் விசையை அழுத்தப்போன நேரத்தில், மனைவி காப்பி கொண்டுவந்தாள். எல்லாரும் குவளையை வாங்கத் திரும்பினோம்.

“எலி! எலி!” என்று கத்தினாள் மகள்.

திரையில் ஒரு சின்ன வெள்ளை எலி ஓடிவந்தது. கதவுக்கு அப்பாலிருந்த விசையின்மேல் ஏறியது. கதவு திறந்தது. சிறையிலிருக்கும் இளவரசி தன் செல்ல எலியை உதவிக்கு அனுப்பியிருந்தாள்! 1994-இல் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் எனக்கும் அது வந்திருக்கும். ஒருமுறையாவது நான் காத்திருக்கவில்லை.

நிழலோடு சண்டை

நான்காம் நிலையில் ஒரு மாயக்கண்ணாடி வழியை மறிக்கும். வேறு வழியில்லாமல் ஓடிப் பாய்ந்து அதைத் தகர்த்துக்கொண்டு போகவேண்டும். அப்போது கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து அவனுடைய நிழலுருவம் ஒன்று பிரிந்து எதிர்த்திசையில் ஓடிவிடும். அடுத்த நிலையில் அவன் குடிக்கவேண்டிய மருந்தை அந்த நிழல் குடித்துவிடும். ஆறாம் நிலையில் அவன் தாண்டிப்பிடிக்கும் நேரத்தில் கதவை மூடி, அவனைப் பாதாளத்தில் விழச்செய்யும். ஆடுகிறவர்கள் எல்லாரும் அந்த நிழலை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகஸ்டு பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை, ஏழு நிமிடங்கள் மிஞ்சியிருக்கையில் பன்னிரண்டாம் நிலையில் அந்த நிழலை நேருக்கு நேர் சந்தித்தோம். நானும் முன்பு வந்திராத இடம். நிழலும் வாளை உருவியது. மகன் வெறியோடு குத்தினான். நிழலுக்கு ஓர் உயிர்ப்புள்ளி குறைந்தது. நம்மவனுக்கும் ஒன்று குறைந்தது. மீண்டும் குத்தினான், மீண்டும் இருவருக்கும் குறைந்தது. கடைசிக் குத்தில் நிழல் செத்தது. அதே கணத்தில் இளவரசனும் செத்து விழுந்தான்.

“ஏமாத்துறானுங்க!” என்று மகன் மேசையில் குத்தினான். மறுபடியும் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து ஏறிவந்தான். இன்னும் வேகமாக வெட்டினான். மீண்டும் இருவரும் செத்தார்கள். “நல்லா வெட்டு, விடாதே!” என்று நானே ஏவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை ஏறிவருகையில் அம்மா எழுந்து முன்னால் வந்தார்கள்.

“ஏ ராசா, அவன வெட்டுனா ஒனக்கும்லா வலிக்கி? அது நீதானய்யா. பட்டயத்த உள்ள வையி” என்றார்கள்.

“வாளை வெச்சா அவன் குத்திடுவான் ஆச்சி.”

“வச்சுத்தான் பாரேன். கெத்செமனே தோட்டத்துல பேதுருவுக்கு ஆண்டவர் என்ன சொன்னாரு?”

மகன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினான். இளவரசன் வாளை உறையில் போட்டான். எதிரே நின்ற நிழலும் தன் வாளை உறையில் போட்டது. ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். திரை ஒருமுறை மின்னியது. இருவரும் ஒருவரானார்கள்.

அதற்கு அப்பால் பாதை இல்லை, வெறும் வெளி. மகன் துணிந்து அடியெடுத்து வைத்தபோது, காலுக்குக் கீழே கற்பலகைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ஆனால் நேரம் முடிந்துவிட்டது. மேற்கண்ணாடியில் மணல் தீர்ந்தது. இளவரசியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், எங்களில் ஒருவருக்கும் அது தோல்வியாகத் தோன்றவில்லை.

மற்றவர்கள் எழுந்தபின் மகன் கேட்டான்: “தாத்தா உங்களை இதுக்காகத்தான் அடிச்சாங்களா?” ஆச்சி சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஆம் என்றேன். 100 ரூபாயை மறைத்ததையும் சொன்னேன். பிறகு, மூன்று வாரம் அல்ல, இரண்டு மாதமாக என் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்: “உன் போனை உடைச்சது தப்பு. என்னை மன்னிச்சிடு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டே, “நானும் ராத்திரி ஒளிச்சு ஆடியிருக்கக் கூடாது” என்றான். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஜாஃபரை வென்றபோது இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது.

இதைச் செய்த குடும்பம்

வெற்றிக்குப் பின், இந்த விளையாட்டை உருவாக்கியவரைப் பற்றிப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தேன். அவர் பெயர் ஜோர்டன் மெக்னர். நியூயார்க்கில் 1964-இல் பிறந்த அமெரிக்கர். 1985-இல் தொடங்கி 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக இதை முடித்தார். இளவரசனின் ஓட்டம் ஏன் அவ்வளவு உயிரோட்டமாக இருந்தது என்ற என் பழைய கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. அவர் தம் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை உடுத்தி, ஓடவும் தாண்டவும் தொங்கவும் சொல்லி வீடியோ படம் எடுத்தார். பிறகு அதிலிருந்து ஒவ்வொரு அசைவையும் உருவமாக வரைந்தெடுத்தார். வாட்சண்டைக்கு 1938-இல் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இசையமைத்தவர் அவருடைய தகப்பனார் பிரான்சிஸ் மெக்னர். நாங்கள் குடும்பமாக ஆடிய விளையாட்டு, ஒரு குடும்பமாகவே செய்யப்பட்டிருந்தது.

அந்த நிழல் பிறந்த விதமும் சுவையானது. சிறிய கணினியின் நினைவகத்தில் புதிய எதிரி ஒருவனை வரைய இடமில்லை. இருக்கும் இளவரசனின் உருவத்தையே சற்று மாற்றிக் காட்டினால் எதிரி கிடைப்பானே என்ற எண்ணத்தில் உண்டானதுதான் நிழல். இடநெருக்கடியில் பிறந்த யோசனை! பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறுபேர் வாழ்ந்த நமக்கு அது புரியாதா?

தகப்பனார் பிரான்சிஸ், வியன்னா நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது ஏழு வயதுக் குழந்தை. பிரான்சிலும் கியூபாவிலும் அலைந்து அமெரிக்கா சேர்ந்தவர். அந்த வேரறுந்த குடும்பத்தின் கதையை ஜோர்டன் ‘ரீப்ளே’ என்னும் சித்திரநூலாக வரைந்தார். அதன் ஆங்கிலப் பதிப்பு 2024-இல் வந்தது.

இன்னுமொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. இந்த விளையாட்டின் மூல நிரல் பல ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்தது. 2012-இல் அந்தத் தகப்பனார் வீட்டைச் சுத்தம் செய்கையில் ஒரு பழைய பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதற்குள் அந்தத் தட்டுகள் இருந்தன. இருபதாண்டுக்கும் மேலாக மகனுடைய தட்டுகள் தகப்பன் வீட்டில் இருந்திருக்கின்றன.

என் தகப்பனோ என் தட்டை உடைத்தார். இதை ஒப்பிட்டு அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தட்டில் அவர் கண்டது விளையாட்டையன்று. தம் பல நாள் கூலியையும், மகன் மீண்டும் பட்டறைக்கே வந்துவிடுவானோ என்ற அச்சத்தையும் கண்டார். ஆனால் நான் உடைத்த கைபேசிக்கு அந்த நியாயமும் இல்லை. நான் அன்றிரவு அடித்தது என் மகனையா, முப்பது ஆண்டுக்கு முன் சயானில் ஒளிந்து ஆடிய ஒரு பையனையா என்று இன்றும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

நம் ஊருக்கும் இவ்விளையாட்டுக்கும் ஓர் உறவு உண்டு என்பதையும் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். 2003-இல் வந்த ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்னும் பாகத்தின் கதை ஓர் இந்திய மகாராஜாவின் அரண்மனையில் தொடங்குகிறது. அவர் மகள் ஃபாராதான் கதாநாயகி. அதைப் புதிதாகச் செய்யும் பணி யூபிசாஃப்ட் நிறுவனத்தின் புனே, மும்பை கிளைகளிடம் ஒப்படைக்கப்பட்டதாக 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள். முன்னோட்டப் படம் பலரிடம் குறைசொல்லப்பட்டது, வெளியீடு தள்ளிப்போனது, 2022-இல் அப்பணி கனடாவின் மொன்றியல் நகருக்கு மாற்றப்பட்டது. “நம்ம ஊர் ஆளுங்க முடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றான் மகன். இப்போது அவனுக்குக் கணினி வரைகலை படிக்க ஆசை பிறந்திருக்கிறது. பார்ப்போம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிரியமானவர்களே, பிள்ளைகளை எல்லா விளையாட்டுகளுக்கும் ஒப்புக்கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. சிலவற்றைப் பகுத்தறிவது நல்லது.

1. பணம் கட்டி ஆடும் விளையாட்டும் கதை விளையாட்டும் ஒன்றல்ல. முந்தியது சூதாட்டத்துக்கு நெருங்கிய உறவு. அது பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியதால், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. உங்கள் பிள்ளை ஆடுவது எது என்று கேட்டறியுங்கள்.

2. விளையாட்டுக்கு அடிமையாதல் உண்மையான கோளாறு. உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே முதன்மைப்படுத்துதல், கேடு விளைந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டளவு நீடித்தால் அது நோயென்று கருதப்படும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடியைவிட மருத்துவர் தேவை.

3. நேரத்தை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். முடிவே இல்லாத விளையாட்டைவிட, முடிவுள்ள ஒன்றைத் தேர்ந்துகொள்வது எல்லாருக்கும் எளிது.

4. பிள்ளை ஆடுவதை ஒருமுறையாவது அருகில் அமர்ந்து பாருங்கள். தோற்றுப்போக வெட்கப்படாதீர்கள். நான் நான்கு முறை முள்ளில் விழுந்ததால்தான் என் மகன் வாய்திறந்தான்.

5. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அமர்த்திக்கொள்ளுங்கள். விசைப்பலகை தெரியாதவர்களுக்கும் வழி தெரிந்திருக்கலாம்.

இன்றும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அப்படியே இருக்கிறது. மகன் இப்போது பதினோராம் வகுப்பு. சில வாரங்களில் விளையாட்டு. சில வாரங்களில் வெறும் பேச்சு. கைபேசி இரவில் சமையலறை அலமாரியில் உறங்குகிறது. என்னுடையதும் அதன் பக்கத்தில்தான். எனக்குக் கோபம் வராமலில்லை. குரல் உயரும்போதெல்லாம் மகள் மெதுவாக அருகில் வந்து, “அப்பா, பட்டயம்” என்கிறாள்.

பிள்ளையோடு பேச்சறுந்து நிற்கிற தகப்பன்மார் யாராவது இதை வாசித்தால், இந்தச் சனிக்கிழமையே ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கிவையுங்கள். என்ன ஆடலாம் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.